பாப் அல்ல, ரோபர்ட்டோ

பேஸ்பாலின் கதை: அத்தியாயம் 14

போன அத்தியாயத்தைப் பிராஞ்ச் ரிக்கியோடு நிறுத்தியிருந்தோம். 1947இல் ஜாக்கி ராபின்சனுக்கு புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையை மாட்டிக் களத்தில் இறக்கி, பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த அதே ரிக்கி. 1950இன் கடைசியில் அவர் டாட்ஜர்ஸை விட்டுப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் போனார். பிட்ஸ்பர்க் எஃகு உருக்கும் ஊர். ஊர் அணியோ பட்டியலின் அடியில் கிடந்தது. 1952இல் ஆடிய 154 ஆட்டங்களில் 112 தோல்வி.

1954 கோடையில் ரிக்கி தன் ஆள் ஒருவரை அனுப்பி, டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸில் இருந்த ஜோ பிளாக் என்ற பந்தெறிபவரைப் பார்த்துவரச் சொன்னார். போனவர் கிளைட் சுக்ஃபோர்த். ராபின்சனை ரிக்கியின் அறைக்கு அழைத்து வந்தவரும் இவர்தான். ஆட்டம் தொடங்கும் முன் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வெளிக்களத்தின் தூரத்து மூலையிலிருந்து ஒரு கறுத்த, ஒல்லியான பையன் பந்தை எறிந்தான். அது தரையைத் தொடாமல், தாழ்வாக, ஈட்டி போல வந்து கேட்சரின் கையுறையில் விழுந்தது. அதற்குப் பிறகு சுக்ஃபோர்த்துக்கு பிளாக்கைப் பற்றி நினைப்பே இல்லை.

அந்தப் பையனுக்கு அப்போது 19 வயது. முழுப் பெயர் ரோபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். இந்தப் பெயரை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வைப்பதற்காக ஒருவர் நடத்திய போராட்டமும் கூடவே வரப்போகிறது.

டாட்ஜர்ஸ் அவரை அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் எடுத்திருந்தது. சம்பளம் 5,000 டாலர், கையெழுத்துப் போட்டதற்கு 10,000 டாலர் போனஸ். அங்கேதான் சிக்கல். 4,000 டாலருக்கு மேல் போனஸ் கொடுத்து எடுத்த புதியவரை முதன்மை அணியில் வைத்துக்கொள்ள வேண்டும், கிளை அணிக்கு அனுப்பினால் ஆண்டு இறுதியில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அன்றைய விதி. டாட்ஜர்ஸின் முதன்மை அணியில் இடமில்லை. மான்ட்ரியலில் அவருக்கு 87 ஆட்டங்கள்தாம் கிடைத்தன, அவற்றிலும் பாதி வழியில் வந்துபோனவை பல. மற்ற அணிகளின் கண்ணில் படாமல் தன்னை ஒளித்து வைத்தார்கள் என்று கிளெமென்டே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஆட்டக் குறிப்புகளை அலசியவர்கள் சிலர், அது இடக்கை வலக்கைப் பந்தெறிபவருக்கேற்ப ஆளை மாற்றும் வழக்கமான உத்திதான் என்கிறார்கள். எது உண்மையாயினும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனுக்கு அது அவமானமாகத்தான் இருந்திருக்கும். 1954 நவம்பர் 22 அன்று, கடைசி இடத்தில் இருந்ததால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த பைரேட்ஸ், 4,000 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொண்டது. தன் பழைய அணியின் பையிலிருந்து ரிக்கி எடுத்த வைரம் இது.

புவேர்ட்டோ ரிக்கோ கரீபியக் கடலில் ஒரு தீவு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போனது. 1917 முதல் அதன் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வாழ்கிறவர்களுக்கு இன்றுவரை அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. சொந்த நாட்டிலேயே அந்நியராக இருக்கும் இந்த நிலையைப் புரிந்துகொண்டால்தான் கிளெமென்டேயின் வாழ்க்கை புரியும்.

தலைநகர் சான் ஹுவானுக்குப் பக்கத்தில் கரோலினா என்ற ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். அங்கே சான் ஆன்டோன் என்ற பகுதியில் 1934 ஆகஸ்ட் 18 அன்று ரோபர்ட்டோ பிறந்தார், வீட்டின் கடைக்குட்டி. தந்தை மெல்கோர் கிளெமென்டே கரும்புத் தோட்டத்தில் கங்காணி. தாய் லூயிசா வாக்கர். ஸ்பானிய வழக்கில் முதலில் தந்தையின் குடும்பப் பெயர், பிறகு தாயின் குடும்பப் பெயர். இதையும் மறக்க வேண்டாம்.

பையன் பள்ளியில் ஈட்டி எறிந்தான். பிற்காலத்தில் அமெரிக்காவே வாய்பிளந்து பார்த்த அந்தக் கைக்கு முதல் பழக்கம் அங்கேதான். குளிர்காலத்தில் அமெரிக்காவின் கறுப்பின ஆட்டக்காரர்கள் சம்பாதிக்க தீவுக்கு வருவார்கள். அவர்களில் மான்டி இர்வின் என்பவர்தான் சிறுவனின் தெய்வம். மைதான வாசலில் காத்திருந்து அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே உள்ளே போய்விடுவான், டிக்கெட் இல்லாமல். 1952இல் சான்டுர்சே அணியின் உரிமையாளர் பெட்ரின் சொரியா வாரம் 40 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார். 1954-55 குளிர்காலத்தில் அந்த அணியின் வெளிக்களத்தில் கிளெமென்டேயும், அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்த வில்லி மேஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அந்த ஆண்டு கரீபியத் தொடரை சான்டுர்சே வென்றது. தீவில் அந்த அணியைப் பற்றி இன்றும் பெரியவர்கள் கண் விரியப் பேசுவார்கள்.

அதே குளிர்காலத்தில்தான் விபத்து. குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் கார் அவருடைய காரில் மோதியது. முதுகெலும்பில் அடி. பிட்ஸ்பர்க் போய்ச் சேரும் முன்பே வலி உடம்போடு சேர்ந்துவிட்டது, பதினெட்டு ஆண்டுகள் கூடவே ஆடியது. மட்டை பிடிக்க வந்து நிற்கும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றி நெட்டி முறிப்பார். பிட்ஸ்பர்க்கின் குழந்தைகள் எல்லாம் தெருவில் ஆடும்போது அப்படியே கழுத்தைச் சுழற்றின. ஆனால் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது பத்திரிகைகள் நம்பவில்லை. சோம்பேறி, நோயைக் கற்பனை செய்துகொள்கிறவர் என்று எழுதின.

1955 ஏப்ரல் 17 அன்று முதல் ஆட்டம். எதிரணி, தற்செயலாக, அவரை விட்டுவிட்ட புரூக்ளின் டாட்ஜர்ஸ். முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹிட் அடித்தார். சட்டையில் அப்போது 13ஆம் எண். சீக்கிரமே அதை 21ஆக மாற்றிக்கொண்டார். ஏன் 21? தன் முழுப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதி எண்ணிப் பார்த்தாராம். ரோபர்ட்டோவுக்கு ஏழு, கிளெமென்டேவுக்கு எட்டு, வாக்கருக்கு ஆறு. ஆக 21. முதுகில் எண்ணை அணிந்தவர் உண்மையில் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெயரை அமெரிக்கா விட்டு வைக்கவில்லை. பத்திரிகைகள் அவரை பாப் என்றன. வானொலி வர்ணனையாளர் பாபி என்றார். ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைக் குழந்தைகள் வாங்கிச் சேர்ப்பார்கள். 1957 முதல் 1969 வரை டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட அட்டைகளில் பாப் கிளெமென்டே. ரோபர்ட்டோ என்று வாய்க்கு வராதவர்களும் இருந்திருக்கலாம். வந்தாலும் சொல்ல மனம் வராதவர்கள்தாம் அதிகம் என்று நினைக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் திருத்தினார்: என் பெயர் ரோபர்ட்டோ.

பெயரோடு நிற்கவில்லை. 1961இல் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றியைத் தந்த ஹிட் அவருடையது. ஆட்டம் முடிந்து மகிழ்ச்சியில் நிருபர்களிடம் பேசினார். மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய ஆங்கிலத்தை உச்சரிப்போடு சேர்த்து, எழுத்துக்களை உடைத்து, கொச்சையாக அச்சிட்டிருந்தார்கள். என்ன சொன்னார் என்பது போய், எப்படிச் சொன்னார் என்பது சிரிப்புச் செய்தியாயிற்று. அந்த நிருபர்களில் அவரிடம் ஸ்பானிய மொழியில் ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர் தன் இரண்டாவது மொழியில் பேசினார். அவர்களுக்கு இருந்ததே ஒரு மொழி.

வசந்தகாலப் பயிற்சி முகாம் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில். அங்கே இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்தது. வெள்ளை ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் தங்குவார்கள்; கறுப்பின ஆட்டக்காரர்கள் ஊரின் மறுபக்கம் கறுப்பின மக்களின் வீடுகளில். வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ஸில் போகும்போது வழியில் உணவு விடுதியில் வண்டி நிற்கும். வெள்ளையர்கள் இறங்கிப் போய்ச் சாப்பிடுவார்கள். கறுப்பினத்தவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டு வருகிறவர் யாராவது பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிளெமென்டே வளர்ந்த தீவில் நிறவேற்றுமை இல்லாமல் இல்லை, ஆனால் இப்படிச் சட்டம் போட்டுத் தட்டைப் பிரிக்கிற பழக்கம் அங்கே கிடையாது. அவர் பொட்டலத்தைத் தொட மறுத்தார். கூட இருந்தவர்களிடமும் வாங்காதே என்று சண்டை பிடித்தார். பிறகு பொது மேலாளர் ஜோ பிரவுனிடம் நேராகப் போய், எங்களுக்குத் தனி வண்டி வேண்டும், நாங்களே ஓட்டிக்கொண்டு போய் எங்களுக்குச் சோறு போடும் இடத்தில் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று கேட்டு, வாங்கினார்.

நம் ஊரில் இப்படிப்பட்டவரை ரோஷக்காரர் என்போம். அந்தச் சொல்லை நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

இனி ஆட்டம். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு, மட்டையடிப்பதைவிட அவருடைய எறிதல்தான் சட்டென்று புரியும். அவர் நின்றது ரைட் ஃபீல்ட், அதாவது மட்டையாளரிடமிருந்து பார்த்தால் வலது மூலை. அங்கிருந்து மூன்றாம் பேஸ் களத்தின் குறுக்கே மிக நீண்ட தூரம். முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர், பந்து வலது மூலைக்குப் போனால் இரண்டைத் தாண்டி மூன்றுக்கே ஓடிவிடுவார், யாரும் எறிந்து பிடிக்க முடியாது என்ற தைரியத்தில். கிளெமென்டே நின்றால் ஓடமாட்டார்கள். பவுண்டரிக் கோட்டருகே பந்தை எடுத்தவர், உடம்பு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஒரு குத்தும் படாமல் ஸ்டம்பை நேராக அடிப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதை அவர் வாரம் தவறாமல் செய்தார். வெளிக்களத்திலிருந்து எறிந்து ஆட்டமிழக்கச் செய்த கணக்கு 266. அந்தக் கணக்கில் ஐந்து ஆண்டுகள் நேஷனல் லீகில் முதலிடம். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான கோல்டு குளோவ் விருது 1961 முதல் 1972 வரை விட்டுப்போகாமல் பன்னிரண்டு முறை.

மட்டையும் சளைத்ததில்லை. பேஸ்பாலில் பத்து முறை நின்று மூன்று முறை ஹிட் அடித்தாலே பெரிய ஆள். அவருடைய வாழ்நாள் சராசரி ஆயிரத்துக்கு 317. 1961, 1964, 1965, 1967 என்று நான்கு முறை நேஷனல் லீகின் மட்டைச் சராசரிப் பட்டம். எறியும் பந்து சரியான இடத்தில் வரட்டும் என்று காத்திருக்கிற பொறுமை கிடையாது. கணுக்காலுக்கு வந்தாலும் தலைக்கு மேல் போனாலும் வீசுவார். பாடப்புத்தகத்தில் இருக்கும் எந்த இலக்கணமும் அவரிடம் இல்லை. ஓடும்போது தொப்பி பறக்கும், கைகால்கள் நாலு திசையில் போகும். 1956 ஜூலையில் சிகாகோ கப்ஸுக்கு எதிராக கடைசி இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அவர் அடித்த பந்து மைதானத்துக்குள்ளேயே உருண்டோடியது. மூன்றாம் பேஸருகே நின்ற மேலாளர் கையை விரித்து நில் என்றார். நிற்கவில்லை. நேராக ஓடி வந்து சறுக்கி விழுந்து தட்டைத் தொட்டார். 9-8 என்று பைரேட்ஸ் வென்றது. மைதானத்தைத் தாண்டாத பந்தில் நாலு ஓட்டங்களையும் ஒருசேர எடுத்து ஆட்டத்தை முடித்துவைத்தது பேஸ்பால் வரலாற்றில் அந்த ஒரு முறைதான் என்கிறார்கள் கணக்கு வைப்பவர்கள்.

1960. அடிமட்டத்தில் கிடந்த பைரேட்ஸ் உலகத் தொடருக்கு வந்தது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் எடுத்தது 55 ஓட்டம், பைரேட்ஸ் 27. ஆனாலும் ஏழாவது ஆட்டத்தில் பில் மசெரோஸ்கியின் ஹோம் ரன்னால் பைரேட்ஸ் 10-9 என்று வென்று பட்டத்தை எடுத்தது. கிளெமென்டே ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்திருந்தார். ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அவர் மெதுவாகத் தட்டிவிட்டு உயிரைக் கொடுத்து ஓடிய ஓட்டம் இல்லையென்றால் மசெரோஸ்கிக்கு அந்தத் தருணமே வந்திருக்காது. அந்த ஆண்டு அணியில் அதிக ஓட்டங்களைக் கொண்டுவந்தவரும் அவரே, 94. ஆனால் ஆண்டின் மதிப்புமிக்க வீரரைத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகையாளர்கள் போட்ட ஓட்டில் அவருக்கு எட்டாவது இடம். முதலிடம் அணித்தோழர் டிக் குரோட்டுக்கு. முதலிடம் கிடைக்காததைவிட எட்டாவது என்பதுதான் அவரைச் சுட்டது. அந்த வெற்றிக்காகக் கொடுத்த மோதிரத்தை அவர் விரலில் போட்டதே இல்லை என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு அவருடைய சராசரி 351. கோபம் அவரிடம் இப்படித்தான் வேலை செய்தது. 1966இல் அந்த விருது கடைசியாக வந்து சேர்ந்தது: 29 ஹோம் ரன், கொண்டுவந்த ஓட்டங்கள் 119.

1964 நவம்பரில் கரோலினாவின் சான் ஃபெர்னான்டோ தேவாலயத்தில் வேரா சபாலாவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள். பருவம் நடந்துகொண்டிருந்தாலும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் வேராவைத் தீவுக்கு அனுப்பினார். பிள்ளைகள் புவேர்ட்டோ ரிக்கோ மண்ணில்தான் பிறக்க வேண்டும்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். பருவத்தின் தொடக்க ஆட்டங்கள் நெருங்கிவிட்டன. அடக்கம் ஏப்ரல் 9. ஆட்டத்தை நடத்துவதா வேண்டாமா என்று லீக் ஒவ்வொரு அணியின் முடிவுக்கே விட்டுவிட்டது. பைரேட்ஸில் அப்போது கறுப்பின வீரர்கள் பதினொரு பேர், வேறெந்த அணியிலும் அத்தனை பேர் இல்லை. கிளெமென்டே முன்னால் நின்றார். வெள்ளையரான டேவ் விக்கர்ஷாமும் அவரும் சேர்ந்து அணியின் பெயரில் அறிக்கை விட்டார்கள்: அடக்கம் முடியும்வரை ஆடமாட்டோம். மற்ற அணிகளும் வழிக்கு வந்தன. பருவம் 10ஆம் தேதி தொடங்கியது. 1971 செப்டம்பர் 1 அன்று அதே பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். அப்படி ஒரு அணி அதற்கு முன் வந்ததில்லை. மேலாளர் டேனி மர்ட்டா அன்று நல்லா ஆடுகிற ஒன்பது பேரைப் போட்டேன், அவ்வளவுதான் என்ற தோரணையில் பேசினார். மூன்றாவதாக மட்டை பிடித்தவர் கிளெமென்டே.

அந்த அக்டோபரில் உலகத் தொடர். எதிரே பால்டிமோர் ஓரியோல்ஸ், முதல் இரண்டு ஆட்டமும் அவர்களுக்கே. கிளெமென்டேவுக்கு 37 வயது. பிட்ஸ்பர்க்கில் பதினேழு ஆண்டுகள் ஆடியும் நாடு முழுக்க அவர் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ ஆடுகிறவர்கள்தாம் பெரிய பெயர்கள். இந்த முறை தொலைக்காட்சி கூடவே இருந்தது. நான்காவது ஆட்டம் உலகத் தொடர் வரலாற்றிலேயே முதல் இரவு ஆட்டம், வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஒரு டிரிப்பிள், ஒரு ஹோம் ரன். அதே ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஸ்கோர் சமநிலையில் இருக்கும்போது, ஓரியோல்ஸின் பந்து வலது மூலையில் போய் விழுந்தது. முதல் பேஸிலிருந்து ஓடிய மார்க் பெலாஞ்சர் ஹோம் பிளேட்டுக்கே வந்திருக்க வேண்டும். கிளெமென்டே சுவரருகே பந்தை எடுத்துத் திரும்பி எறிந்தார். ஒரே குத்து, நேராகக் கேட்சரிடம். பெலாஞ்சர் மூன்றாம் பேஸிலேயே நின்றுவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் அந்த ஆட்டத்தைத் தோற்றது என்பது வேறு கதை. ஏழாவதில் 2-1 என்று வென்றது, முதல் ஓட்டம் கிளெமென்டேயின் ஹோம் ரன். ஏழு ஆட்டத்திலும் ஹிட், மொத்தம் 12, சராசரி 414. தொடரின் மதிப்புமிக்க வீரர்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் ஒலிவாங்கியை அவர் முன் நீட்டினார்கள். ஆங்கிலத்தில் பேசும் முன் ஒரு நிமிடம் என்று அனுமதி கேட்டுவிட்டு ஸ்பானிய மொழிக்கு மாறினார். தன் வாழ்வின் மிகப்பெரிய நாளில் பிள்ளைகளுக்குத் தன் ஆசியைச் சொன்னார். தனக்குத் தன் தாய் தந்தையின் ஆசியைக் கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆங்கிலத்தை உடைத்து அச்சிட்ட நாடு, அவருடைய சொந்த மொழியை அப்படியே கேட்க வேண்டியதாயிற்று. கரோலினாவில் கங்காணி மெல்கோர் தன் வீட்டில் உட்கார்ந்து, மகன் உலகத்துக்கு முன்னால் தன்னிடம் ஆசி கேட்பதைக் கேட்டிருப்பார். இந்த அத்தியாயத்துக்காக எத்தனையோ ஆட்டங்களைப் பற்றிப் படித்தேன். எறிதலும் ஹோம் ரன்னும் எல்லாம் பிறகுதான். என் மனதில் நின்றது இந்த ஒரு நிமிடம்.

1972 பருவம் தொடங்கும்போது 3,000 ஹிட் தொட அவருக்கு 118 தேவை. அதுவரை அந்த எண்ணைத் தொட்டவர்கள் பத்தே பேர். காயங்களால் பல ஆட்டங்கள் போயின. செப்டம்பர் 29 அன்று 2,999இல் நின்றார். எதிரே நியூயார்க் மெட்ஸின் டாம் சீவர். அடித்த பந்து இரண்டாம் பேஸ்காரரின் கையுறையில் பட்டு நழுவியது. பலகையில் ஹிட் என்று வந்து, உடனே பிழை என்று மாறியது. மைதானம் கூச்சலிட்டது. தன் பட்டங்களைக் கணக்குப் போடுகிறவர்கள் தொடர்ந்து பறிக்கிறார்கள் என்று அவர் கொதித்தார். மறுநாள் சனிக்கிழமை, வந்திருந்தவர்கள் 13,117 பேர்தாம். நான்காவது இன்னிங்ஸில் ஜான் மாட்லாக்கின் பந்தை இடது பக்கம் விளாசி இரண்டாம் பேஸில் போய் நின்றார். யாரும் பிழை என்று சொல்ல முடியாத அடி. அம்பயர் பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கிளெமென்டே தொப்பியைக் கழற்றி உயர்த்தினார். சரியாக 3,000. அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு அவர் மட்டை பிடிக்கவில்லை, பிறகு வந்த நாக் அவுட் ஆட்டங்களில் அடித்தவை இந்தக் கணக்கில் சேராது.

நவம்பரில் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் உலக அமெச்சூர் போட்டி. புவேர்ட்டோ ரிக்கோ அணியின் மேலாளராகப் போனார். மூன்று வாரங்களில் அந்த ஊரோடு பழகிவிட்டார். மருத்துவமனையில் காலை இழந்த ஒரு சிறுவனைப் பார்த்து, செயற்கைக் கால் பொருத்த ஏற்பாடு செய்வதாக வாக்குக் கொடுத்தார். டிசம்பர் 23 நள்ளிரவு தாண்டி அந்த நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நேரம். பாடகி ரூத் ஃபெர்னான்டஸும் கிளெமென்டேயும் சேர்ந்து நிவாரணக் குழு அமைத்தார்கள். சான் ஹுவானின் ஹிராம் பித்தோர்ன் மைதானத்தில் மக்கள் துணியும் உணவும் மருந்தும் கொண்டுவந்து குவித்தார்கள். அவர் இரவும் பகலும் அங்கேயே நின்றார். அனுப்பிய சரக்கு மக்களுக்குப் போகவில்லை என்று செய்தி வந்தது. நிகராகுவாவை ஆண்ட சொமோசாவின் படையினர் இறங்கும் இடத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். நான் போய் நின்றால் என் முன்னால் யாரும் திருடமாட்டார்கள் என்று கிளெமென்டே முடிவு செய்தார்.

இந்த இடத்தில்தான் பலர் அவரைப் புனிதராக்கிவிடுகிறார்கள். இரக்கத்தால் போனார், இறந்தார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இரக்கம் இருந்தது, அதை யார் மறுப்பார்? ஆனால் அன்று அவரை விமானத்தில் ஏற்றியது ஃபோர்ட் மையர்ஸில் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளிவிட்ட அதே கை. ஏழைக்குச் சேர வேண்டியதைப் பெரியவன் பறிப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர் கிளெமென்டே இல்லை.

கிடைத்த விமானம் பழைய டி.சி.-7, நான்கு எஞ்சின் சரக்கு விமானம். அந்த மாதம்தான் ஓடுபாதையை விட்டு விலகிச் சேதமடைந்திருந்தது. ஏற்ற வேண்டியதைவிட 4,000 பவுண்டுக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். பழக்கமான விமானக் குழுவும் இல்லை. டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தைய இரவு, பலமுறை தாமதமாகி 9.20 மணியளவில் கிளம்பியது. புறப்பட்ட சற்று நேரத்திலேயே, கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில், கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானியின் உடல் மட்டும் கிடைத்தது. கிளெமென்டேவுக்கு வயது 38.

தீவு புத்தாண்டைக் கொண்டாடவில்லை. புதிதாகப் பதவியேற்க இருந்த ஆளுநர் விருந்துகளை ரத்து செய்தார். ஜனவரி 4 அன்று, கிளெமென்டே திருமணம் செய்துகொண்ட அதே தேவாலயத்தில் பிரார்த்தனை. பைரேட்ஸ் அணியினர் விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். கேட்சர் மானி சாங்கியன் மட்டும் தேவாலயத்தில் இல்லை. பனாமாக்காரர், கிளெமென்டேயின் நெருங்கிய நண்பர். அவர் முக்குளிப்பவர்களோடு சேர்ந்து கடலுக்குள் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார். பருவம் தொடங்கியதும் அணி அவரை ரைட் ஃபீல்டில், கிளெமென்டே நின்ற இடத்தில் நிறுத்தியது. சில மாதத்தில் அவர் மீண்டும் கேட்சர் இடத்துக்கே வந்துவிட்டார். அவரால் மட்டுமல்ல, அந்த இடத்தில் யாராலும் நிற்க முடிந்திருக்காது.

விமானத்தைப் பறக்க அனுமதித்ததற்காக அமெரிக்க அரசின் மீது குடும்பத்தினர் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டு அரசின் கவனக்குறைவு என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற ஒருவர் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கிளெமென்டேவுக்காக அந்த விதியைத் தளர்த்தி மார்ச் மாதமே தனித் தேர்தல் நடத்தினார்கள்; 424 ஓட்டில் 393. லத்தீன் அமெரிக்காவிலிருந்து அங்கே நுழைந்த முதல் வீரர். சமூகப் பணி செய்யும் வீரருக்கான விருதுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பைரேட்ஸ் 21ஆம் எண்ணை யாருக்கும் தராமல் நிறுத்திவிட்டது. பிட்ஸ்பர்க்கில் இப்போதிருக்கும் மைதானத்தின் ரைட் ஃபீல்ட் சுவர் 21 அடி உயரம்; மைதானத்துக்குப் போகும் பாலம் அவர் பெயரில். ராபின்சனின் 42ஐப் போல 21ஐயும் எல்லா அணிகளும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று புவேர்ட்டோ ரிக்கோ வீரர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள், இன்னும் நடக்கவில்லை. கரோலினாவில் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் கனவு கண்ட விளையாட்டு நகரத்தை வேரா பல ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பினார். அது பின்னாளில் பராமரிப்பின்றிச் சிதைந்தது. அதை எழுதும்போது வலிக்கிறது. 2019இல் வேராவும் மறைந்தார்.

1973 ஆகஸ்டில் கூப்பர்ஸ்டவுனில் ஹால் ஆஃப் ஃபேமின் சுவரில் அவருடைய வெண்கலப் பலகையை மாட்டினார்கள். அதில் வார்த்திருந்த பெயர்: ரோபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே. தாயின் பெயரை ஆங்கில வழக்குப்படி நடுவில் செருகியிருந்தார்கள். எழுத்துகள் அதே 21தான், வரிசைதான் தவறு. 27 ஆண்டுகள் அப்படியே தொங்கியது. 2000ஆம் ஆண்டில்தான் அதைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்று வார்த்து மாட்டினார்கள். அதில் ரோபர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்று இருக்கிறது.

(தொடரும்)